மாடிகளுக்கு இடையே கம்பியில்லாப் பாலம்: இல்லக் கண்ணிவலையும் அதை விளக்கும் தமிழும்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. அந்நாள்களில் ஒரே வீட்டில் வாழும் இரு பிள்ளைகளுக்கு இருவேறு கல்வி கிடைத்ததை ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பீர்கள். கீழே கூடத்தில் அமர்ந்த பிள்ளைக்குப் பாடம் தெளிவாகக் கேட்டது. மேல்மாடியின் பின்னறையில் அமர்ந்த பிள்ளைக்குக் குரல் அறுந்து அறுந்து வந்தது. கேள்விக்கு அப்பிள்ளை விடை சொல்லவில்லை என்று நாம் எண்ணினோம். சொன்ன விடை நம்மை வந்தடையவில்லை என்பதே பல வேளைகளில் உண்மை.

இன்று வகுப்பறைகள் திறந்துவிட்டன. ஆயினும் இணையவழி மீள்பார்வை வகுப்பு, எஸ்.பி.எம். தேர்வுக்கான காணொலிப் பாடம், குழுப் பணி ஆகியவை வீட்டிலேயே தொடர்கின்றன. மேல்மாடிப் பின்னறையின் குறை பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்கும் வழி ஒன்றைத் தமிழில் விளக்குவதே இன்றைய என் நோக்கம். மாடிகளுக்கு இடையே கம்பி இழுக்க இயலாத வீட்டில் கண்ணிவலை அமைப்பது எப்படி என்பதே பொருள்.

வீடும் அலையும்

நம் தாமான்களில் மிகுதியாகக் காணப்படுவது இரண்டு மாடி வரிசை வீடு. அதன் மனை பெரும்பாலும் 20 அடி அகலமும் 65 அல்லது 70 அடி நீளமும் உடையது. வீடு ஒடுங்கியது, நீண்டது. ஒளியிழை இணைப்பு வழக்கமாக முன்கூடத்தில், தொலைக்காட்சிக்கு அருகில் வந்து முடிகிறது. திசைவியும் அங்கேயே வைக்கப்படுகிறது. அதாவது, வீட்டின் ஒரு முனையில், தரைமட்டத்தில், ஒரு மூலையில் இணையம் பிறக்கிறது. மேல்மாடிப் பின்னறைக்கு அது செல்லவேண்டுமானால் செங்கல் சுவர்களையும், இரும்புக் கம்பிகள் பதித்த கற்காரைத் தளத்தையும் கடக்கவேண்டும்.

'வைஃபை' என்று நாம் சொல்லும் அருகலை, வானொலி அலையே. அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைப்பட்டைகளில் இயங்குகிறது; புதிய கருவிகளில் 6 கிகாஹெர்ட்சும் உண்டு. அதிர்வெண் கூடக்கூடச் சுமக்கும் தரவு கூடும். தடையைக் கடக்கும் ஆற்றல் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். ஆனால், அங்கு ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. வரிசை வீடுகளில் இருபுறத்து அண்டை வீட்டாரும் அதே மூன்று தடங்களையே பங்கிட்டுக் கொள்கின்றனர்.

அலை இழக்கும் வலிமையை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். 3 டெசிபெல் இழந்தால் வலிமை ஏறத்தாழப் பாதி. 10 இழந்தால் பத்தில் ஒன்று. 20 இழந்தால் நூறில் ஒன்று. ஒரு சுவரில் பாதியும் அடுத்த சுவரில் பாதியும் போனால் எஞ்சுவது கால். அதன்பின் கற்காரைத் தளம் வருகிறது. தடைகள் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக வேலை செய்வதால்தான் கூடத்தில் வேகமாக ஓடும் இணையம் இரண்டு அறைகளுக்கு அப்பால் நின்றுபோகிறது.

கண்ணிவலை என்பது யாது?

தடையைக் கடக்க இயலாத அலையை இடைவழியில் ஏந்தி மீண்டும் அனுப்பும் அமைப்பே கண்ணிவலை. மீன்வலையில் இழைகள் சந்திக்கும் முடிச்சுகளைப்போல, வீட்டின் பல இடங்களில் சிறு கருவிகள் அமர்ந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அக்கருவி ஒவ்வொன்றையும் கணு என்கிறோம். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் சொல்லே அது. ஒரு கணு ஒளியிழைப் பெட்டியோடு கம்பியால் இணைந்திருக்கும். அது தலைமைக் கணு. ஏனையவை காற்றுவழியாக அதனோடு இணையும். வீடு முழுவதும் ஒரே வலைப்பெயர், ஒரே கடவுச்சொல்.

கம்பி போட முடியாத இடத்தில் வானொலியால் தரவு அனுப்பும் எண்ணம் புதியதன்று. ஹவாய்த் தீவுகளுக்கு இடையே கணினிகளை இணைக்க, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் உருவான அலோஹா வலையமைப்பு 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பலர் ஒரே அலைவரிசையில் பேசும்போது தரவுகள் மோதிக்கொள்ளும். மோதினால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பது அதன் விதி. இன்றைய அருகலை அவ்விதியைச் செம்மைப்படுத்தி, பேசுமுன் முதலில் கேட்கிறது; காற்று அமைதியாக இருந்தால்தான் பேசுகிறது. கண்ணிவலைக்கான 802.11எஸ் என்னும் செந்தரம் 2011இல் வெளிவந்தது. அங்கே தீவுகளுக்கு இடையே கடல் இருந்தது. இங்கே மாடிகளுக்கு இடையே கற்காரை இருக்கிறது.

முன்வழியும் பின்வழியும்

இன்றைய உரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வீர்களாயின், அது இப்பகுதியாக இருக்கட்டும். கணுவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. உங்கள் திறன்பேசியோடும் மடிக்கணினியோடும் பேசுவது முன்வழி. தலைமைக் கணுவோடு பேசுவது பின்வழி. நம் கண்ணுக்குத் தெரிவது முன்வழி மட்டுமே. திறன்பேசித் திரையின் கோடுகள் முன்வழியின் வலிமையைக் காட்டுகின்றன. பின்வழியைப்பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ஆகவேதான் பலர் இயல்பாகவே ஒரு தவற்றைச் செய்கின்றனர். இணையம் எட்டாத அறை பின்னறை. எனவே, இரண்டாம் கணுவைப் பின்னறையில் வைப்போம் என எண்ணுகின்றனர். வைத்தவுடன் கோடுகள் நிறைந்துவிடுகின்றன. வகுப்போ முன்போலவே அறுந்து அறுந்து வருகிறது. அறையில் எட்டாத அலை, அங்கு வைத்த கணுவுக்கும் எட்டாது என்பதே காரணம்.

இதை ஒரு கணக்கால் பார்ப்போம். முன்வழிக்கும் பின்வழிக்கும் ஒரே தடத்தைப் பயன்படுத்தும் கணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரே நேரத்தில் இருபுறமும் பேசாது. ஒன்றை முடித்துவிட்டே மற்றொன்றைத் தொடங்கும். 100 மெகாபிட் அளவுள்ள கோப்பு ஒன்று மாணவரை அடையவேண்டும்.

முதல் நிலை: கணு பின்னறையில் இருக்கிறது. பின்வழியின் வேகம் நொடிக்கு 40 மெகாபிட், முன்வழியின் வேகம் 400 எனக் கொள்வோம். பின்வழிக்கு 2.5 நொடி, முன்வழிக்கு 0.25 நொடி, மொத்தம் 2.75 நொடி.

இரண்டாம் நிலை: கணு மாடிப்படி முடியும் இடத்தில் இருக்கிறது. பின்வழியின் வேகம் 400. பின்னறை சற்றுத் தள்ளி இருப்பதால் முன்வழியின் வேகம் 200. பின்வழிக்கு 0.25 நொடி, முன்வழிக்கு 0.5 நொடி, மொத்தம் 0.75 நொடி.

இரண்டாம் நிலையில் மாணவரின் திரையில் கோடுகள் குறைவாகத் தெரியும்; ஆனால், பாடம் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் வந்து சேரும். கணுவை இணையம் இல்லாத இடத்தில் வைக்கக்கூடாது; இணையம் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தின் எல்லையில் வைக்கவேண்டும்.

மூன்று அலைப்பட்டைக் கருவிகள் பின்வழிக்கெனத் தனிப்பட்டை ஒன்றை ஒதுக்குவதால் இந்தப் பங்கீட்டு இழப்பு வெகுவாகக் குறைகிறது. கம்பியில்லாத வீட்டுக்கு அவை ஏற்றவை. எனினும், அந்தத் தனிப்பட்டை 6 கிகாஹெர்ட்சாக இருந்தால், கற்காரைத் தளத்தைக் கடப்பதில் அது 5 கிகாஹெர்ட்சினும் பின்தங்கக்கூடும். பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு முடிவு செய்யாமல், நம் வீட்டின் தளத்தை நினைத்து முடிவு செய்யவேண்டும்.

கணுவுக்கு உரிய இடம்

இரண்டு மாடி வீட்டின் தளத்தில் ஓர் இயற்கையான திறப்பு உண்டு. அது மாடிப்படி. கற்காரை இல்லாத அந்த வெளி வழியாக அலை எளிதாக மேலேறும். எனவே, தலைமைக் கணுவை இயன்றவரை தொலைக்காட்சி மூலையிலிருந்து விலக்கி, படிக்கட்டை நோக்கி நகர்த்தவேண்டும். ஒளியிழைப் பெட்டியிலிருந்து தலைமைக் கணுவரை ஒரு நீண்ட கம்பியைத் தரையோரமாகக் கீழ்த்தளத்திலேயே இழுக்கலாம். அதற்குத் தளத்தைத் துளைக்கத் தேவையில்லை. இரண்டாம் கணுவை மாடிப்படி முடியும் நடைவெளியில், ஒரு சிறு மேசையின்மேல் வைக்கலாம்.

கணுவைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும், இரும்பு அலமாரிக்குள்ளும், பெரிய நிலைக்கண்ணாடிக்கும் மீன்தொட்டிக்கும் அருகிலும் வைக்கலாகாது. உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அதை உறிஞ்சும். வெளியே நீட்டிய கம்பி போன்ற அலைவாங்கி உள்ள கருவியாயின், நிமிர்ந்து நிற்கும் அலைவாங்கி பக்கவாட்டில்தான் மிகுதியாக அலை பரப்பும் என்பதை நினைவில் கொண்டு, ஒன்றைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம்.

கணுக்கள் மிகுந்தால் நன்மை மிகும் என்பதும் பிழை. அவை ஒரே காற்றைப் பங்கிடுகின்றன. இத்தகைய வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு போதும். சமையலறை வெகுவாகப் பின்தள்ளி இருந்தால் மூன்று.

வேறு வழிகள் உள்ளனவா?

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் இணைக்கருவிகள் உண்டு. சில வீடுகளில் அவை நன்கு உதவும். ஆனால், மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் கூடமும் மேல்மாடியும் வெவ்வேறு முனைகளில் இருந்தால் தொடர்பு மிகவும் நலிந்துபோகும். மின்னெழுச்சித் தடுப்புள்ள நீட்டிப்புப் பலகையில் செருகினாலும் அப்படியே. சுவரில் உள்ள மின்துளையில் நேராகச் செருகவேண்டும்; வாங்குமுன் திருப்பித் தரும் வசதி உண்டா எனக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அமெரிக்க நூல்களும் காணொலிகளும் தொலைக்காட்சி வடத்தின் வழியே இணையத்தை அனுப்பச் சொல்லும். அங்கே கேபிள் தொலைக்காட்சி வடம் அறைதோறும் ஓடும் வீடுகள் பல. நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் கூரைத் தட்டிலிருந்து கூடத்துக்கு இறங்கும் செயற்கைக்கோள் வடம். அதில் செயற்கைக்கோள் சமிக்ஞை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பயணம் செய்கிறது. அக்கருவிகள் கையாளும் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அதற்குள்ளேயே விழுகிறது. இரண்டும் மோதும். பிற நாட்டு அறிவுரையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

வெளிச்சுவர் வழியாகச் செப்புக் கம்பி ஏற்றுவோர் இடி மின்னலை மறத்தலாகாது. கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமழை மிகுந்த பகுதி. வெளியே கம்பி செல்லவேண்டுமாயின் மின்னைக் கடத்தாத ஒளியிழையே ஏற்றது.

அமைக்கும்போது கவனிக்கவேண்டியவை

சேவை நிறுவனம் தந்த திசைவியும் புதிய தலைமைக் கணுவும் ஒருசேரத் திசைவியாக இயங்கினால் ஒரு வலைக்குள் மற்றொரு வலை உருவாகும். சில செயலிகள் தடுமாறும். ஒன்று மட்டும் திசைவியாக இருக்கட்டும். மற்றது அணுகுபுள்ளி நிலையிலோ பால நிலையிலோ இருக்கட்டும். பழைய திசைவியின் அருகலையை அணைத்துவிடவேண்டும். கணுக்களை முதலில் ஒரே அறையில் வைத்து இணைத்து, பிறகு உரிய இடத்துக்குக் கொண்டுசெல்வது எளிது.

எந்தக் கணுவோடு இணைவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் திறன்பேசியே; வலை அதற்குக் குறிப்பு மட்டுமே தரும். மேல்மாடிக்கு வந்த பின்னும் பேசி கீழ்க்கணுவையே பற்றிக்கொண்டிருந்தால், அருகலையை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினால் போதும்.

வகுப்பறைக்கு ஒரு செயல்திட்டம்

ஆசிரியர்களே, இதனை ஒரு செயல்திட்டமாக்க உங்களை வேண்டுகிறேன். ஆண்ட்ராய்டுத் திறன்பேசியில் கட்டணமற்ற அளவைச் செயலிகள் உள்ளன. அவை அலையின் வலிமையை எதிர்ம எண்ணாகக் காட்டும். பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு வலிமை. எதிர்ம 50 மிக நன்று. காணொலி வகுப்புக்கு எதிர்ம 67 அளவாவது வேண்டும். எதிர்ம 80 எனில் வகுப்பு அறுபடும். இரண்டாம் கணுவை வைக்க எண்ணும் இடத்தில், அதை வைக்குமுன், கீழ்க்கணுவின் வலிமை எதிர்ம 65க்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்ல விதி.

மாணவர்கள் தம் வீட்டின் வரைபடத்தை வரையட்டும். ஒவ்வோர் அறையிலும் கதவைத் திறந்தும் மூடியும், காலையிலும் இரவிலும் அளந்து எழுதட்டும். கணுவை இரண்டு மீட்டர் நகர்த்தி மீண்டும் அளக்கட்டும். பிறகு தாம் கண்டதைத் தமிழில் அறிக்கையாக எழுதட்டும். திசைவி, கணு, முன்வழி, பின்வழி, தடம், அலைப்பட்டை என்னும் சொற்கள் அப்போது தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியலாக இரா. பாட்டியிடம், "பின்வழி நலிந்திருக்கிறது பாட்டி, கணுவைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தலாம்" என்று ஒரு பேரன் சொல்லி, நகர்த்தியபின் படம் தடையின்றி ஓடினால், அச்சொல் அவ்வீட்டில் நிலைத்துவிடும். கலைச்சொல் வேலை செய்யும் இடத்தில்தான் வேர்விடுகிறது.

இருபது அடி அகல வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பாடம் எட்டுவதும் மற்றொரு பிள்ளைக்கு எட்டாதிருப்பதும் ஊழன்று. பல வீடுகளில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதன் இடம்தான் தவறாக இருக்கிறது. இன்றிரவே வீட்டுக்குச் சென்று கணுவைப் பின்னறையிலிருந்து படியருகே கொண்டுவந்து பாருங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.