நடைபாதையும் கார்னர் கொடியும்: கொல்கத்தா இளையோர் உலகக் கோப்பை விட்டுச் சென்ற கேள்விகள்

(கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2017 அக்டோபர் 28 இரவு, கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள விவேகானந்த யுவபாரதி விளையாட்டரங்கில் 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தனர். 17 வயதுக்குட்பட்டோருக்கான ஃபிஃபா உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி அது. முதல் பாதியிலேயே ஸ்பெயின் இரண்டு கோல்கள் முன்னிலை பெற்றது. பின்னர் இங்கிலாந்துச் சிறுவர்கள் ஐந்து கோல்களைத் திருப்பி அடித்து 5-2 என வென்றனர். பில் ஃபோடன் என்ற பெயரை உலகம் முதன்முதலாகக் கவனித்தது அந்தப் போட்டித் தொடரில்தான். விளையாடிய இரு அணிகளும் அந்நகர மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானவை அல்ல. பாதி நகரம் பிரேசில், மீதி நகரம் அர்ஜென்டினா என்று பிரிந்து நிற்கும் ஊர் கொல்கத்தா. அந்தப் பிரேசிலையும் மூன்று நாட்களுக்கு முன் அதே அரங்கில், அரையிறுதியில், இங்கிலாந்து 3-1 என வீழ்த்தியிருந்தது. ஆயினும் இறுதிப் போட்டிக்கு அரங்கு நிரம்பி வழிந்தது.

ஆறு நகரங்கள், 24 அணிகள், 52 ஆட்டங்கள். மொத்தப் பார்வையாளர்கள் 13,47,133 பேர். 1985-இல் சீனாவில் நடந்த முதல் போட்டித் தொடரின் சாதனையை இந்த எண்ணிக்கை முறியடித்தது. இந்திய மக்களுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டில் நாட்டமில்லை என்று விளம்பர நிறுவனங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த கதைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்த அரங்கின் வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், 1984 ஜனவரியில் திறக்கப்பட்டது இது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அமரக்கூடியதாகக் கட்டப்பட்டது. 1997 ஜூலை 13 அன்று ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். உலகக் கோப்பைக்காகத் தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்டபோது கொள்ளளவு ஏறத்தாழப் பாதியானது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் மைதானத்தில் நெரிசலில் சிக்கிப் பதினாறு ரசிகர்கள் மாண்டதைக் கண்ட நகரம் அது. பாதுகாப்பில் சமரசம் கூடாது.

குறை, அரங்கின் உள்ளே அல்ல, வெளியே நிகழ்ந்தது. வெளிநாட்டு விருந்தினர் வரும் வழி "அழகாக" இருக்க வேண்டும் என்பதற்காக அரங்கைச் சுற்றியிருந்த தெருவோரக் கடைகளும் குடிசைகளும் அகற்றப்பட்டன. தேநீர், முறுக்கப்பட்ட காகிதத்தில் பொரி, வெற்றிலை, பழைய துணி விற்றுப் பிழைத்தவர்கள் வீதியிலிருந்து துடைத்தெறியப்பட்டனர். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். அது முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. வியாபாரிகளின் பிரதிநிதிகளைக் கொண்ட நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தது, புல்டோசர் தெருவில் நின்றது.

இங்கே எதிராளிகள் 1996 நவம்பரை நினைவூட்டுவார்கள். இடது முன்னணி ஆட்சியில்தான் "ஆபரேஷன் சன்ஷைன்" என்ற பெயரில் கொல்கத்தாவின் நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டனர். அது நடந்த உண்மை, மறைப்பதால் பயனில்லை. அந்த வெளியேற்றத்தை எதிர்த்துக் கொல்கத்தாவில் உருவான ஹாக்கர் சங்கிராம் கமிட்டி போன்ற அமைப்புகளின் நெடிய போராட்டமே 2014 சட்டத்திற்கு வழிகோலியது. யார் ஆட்சியில் அகற்றினாலும் பிழைப்பை இழப்பவர் ஒரே வர்க்கத்தினர்தாம்.

இனி இந்திய அணிக்கு வருவோம். போட்டியை நடத்தும் நாடு என்ற வகையில் கிடைத்த இடம் அது. ஃபிஃபா போட்டி எதிலும் இந்தியா அதற்கு முன் ஆடியதில்லை. ஆட்டங்கள் டெல்லியில் நடந்தன. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி. ஆயினும் அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக, 82-ஆவது நிமிடத்தில், மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். உலகக் கோப்பைப் போட்டியொன்றில் இந்தியாவின் முதல் கோல். அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் முன்னிலை பெற்றது என்பது வேறு விஷயம்.

அந்தக் கோலுக்கான கார்னர் பந்தை உதைத்தவர் பெங்களூருவைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின். பெயரைக் கேட்டுத் தோழர்கள் புன்னகைக்கலாம். கேட்க வேண்டியது அவருடைய குடும்பத்தின் கதை. நடைபாதையில் துணி விற்றுத்தான் அவருடைய தாய் மகனை வளர்த்தார். அணித்தலைவர் அமர்ஜித் சிங்கின் தாய் மீன் விற்பவர். சிக்கிமின் கோமல் தட்டாலின் பெற்றோர் தையல் தொழிலாளர்கள். வங்கத்தின் அபிஜித் சர்க்காரின் தந்தை வேன் ரிக்‌ஷா இழுப்பவர். 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூரிலிருந்து வந்தவர்கள். ஆக, நடைபாதையில் விற்றவர்களின் பிள்ளைகள் நாட்டின் சீருடையில் களமிறங்கிய அதே தொடருக்காகத்தான் கொல்கத்தாவின் நடைபாதையில் விற்றவர்கள் விரட்டப்பட்டனர். தற்கால இந்திய முதலாளித்துவத்தின் இயல்பை விளக்க இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

போட்டி முடிந்தபின் நடந்தது என்ன? 2019-ஆம் ஆண்டின் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் நடத்த இந்தியா விரும்பியது. அது போலந்துக்குச் சென்றது. அந்த இளைஞர்கள் பலர் ஆடிய "இந்தியன் ஆரோஸ்" என்ற வளர்ப்பு அணி 2022-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. 2020-இல் நடக்கவிருந்து கொரோனாவால் ரத்தான தொடரில் கொல்கத்தாவும் ஒரு களமாக இருந்தது; 2022-இல் அந்நகருக்கு இடமில்லை. இந்திய அணித்தலைவர் அஸ்தம் ஒராவ்ன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். அவரைச் சிறப்பிக்க அவருடைய கிராமத்துக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலைக்குத் தினக்கூலியாகச் சென்றவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தனர்.

மேல்மட்டத்தில் விளையாட்டின் உரிமை 2010-இலேயே கைமாறிவிட்டது. 700 கோடி ரூபாய்க்கு, 15 ஆண்டுகளுக்கு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் காலாவதியானது. புதிதாக ஏலம் கோரியபோது விண்ணப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை. ஐஎஸ்எல் பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. லாபம் இருக்கும்வரை "கால்பந்துப் புரட்சி" என்றார்கள். லாபம் இல்லை என்றதும் வீரர்கள் ஊதியத்துக்கும் ஆட்டத்துக்கும் காத்துக் கிடந்தனர்.

சந்தைக்கு முன்பும் இந்த நாட்டில் கால்பந்து இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்த அணிகளின் நட்சத்திரமான பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேயின் ஆட்டக்காரர். 1958-இல் அந்த ரயில்வே அணி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரும் கிளப்புகளையும் பின்தள்ளிக் கல்கத்தா லீக்கை வென்றது. அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது; கால் உடைந்தாலும் வேலை இருந்தது. சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி அணிகள் செய்ததும் அதுவே. சபீர் பாஷா போன்றோர் அப்படித்தான் ஆடினர். கடலூரின் இந்துமதி கதிரேசன், 2018-இல் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் வென்ற அணியில் ஆடியவர், காவல்துறை உதவி ஆய்வாளராகப் பணிபுரிகிறார். பொதுத்துறையை விற்கும்போது அதனுடன் சேர்ந்து விற்கப்படுபவற்றின் பட்டியலில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள்கூடச் சில வேளை மறந்துவிடுகின்றனர்.

வேலைக்கு முன் மைதானம் வேண்டும். அஃது எங்கே பறிபோகிறது என்று பார்க்கக் கொல்கத்தா வரை செல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி, ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் நிறைவேற்றியது. அவற்றுள் வியாசர்பாடித் திடலும் ஒன்று. பத்துச் சிறுவர்கள் ஒரு மணி நேரம் பந்து விளையாட 1,200 ரூபாய்! மன்றத்துக்குள்ளும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாட்களில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. திடல்கள் கட்டணமின்றியே தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.