நீர்ச் சிக்கனம் அடுப்படியில் தொடங்கட்டும்
(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



நீர்ச் சிக்கனம் என்றதும் சொட்டுநீர்ப் பாசனமும் பண்ணைக் குட்டையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச வந்திருப்பது அடுப்படியைப் பற்றி. நம் வீட்டு உலையில் எந்தத் தானியம் விழுகிறதோ, அதைப் பொறுத்தே நிலத்தடி நீரின் செலவும் அமைகிறது.

நெற்பயிருக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை. இறவைக் கேழ்வரகுக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போதும். சாமை, தினை, வரகு ஆகியவை மழையை நம்பியே விளைந்துவிடும். மேலும், நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. பூமியின் வெப்பம் உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். நெல்லே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நீர் வளமுள்ள களிமண் பூமிக்கு நெல் ஏற்றதே. மேட்டு நிலத்தில் வாழும் நாம் மூன்று வேளையும் அரிசியையே நாட வேண்டுமா என்பதே கேள்வி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் கேழ்வரகுடன் அவரை, துவரை சேர்த்து விதைப்பது பழைய வழக்கம். களிக்கும் குழம்புக்கும் வேண்டியது ஒரே நிலத்தில் கிடைத்தது. பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்த்தன. தாள் மாட்டுக்குத் தீவனமாயிற்று. இன்று பல வீடுகளில் கேழ்வரகை மூட்டையோடு விற்றுவிட்டு, தீட்டிய அரிசியை உண்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ 10 மில்லிகிராம் அளவே.

ஏன் கைவிட்டோம்? தாய்மார்களைக் கேட்டால் தெரியும். வரகின் உமி கடினமானது. உரலில் குத்திப் புடைப்பதற்குள் தோள் இற்றுப்போகும். 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது அந்தப் பாடு யாருக்கு வேண்டும்? ஆகவே, "சிறுதானியம் சமையுங்கள்" என்று பெண்களுக்கு மட்டும் அறிவுரை கூறுவது நியாயமாகாது. உழவர் குழுவோ மகளிர் குழுவோ கூடி, உமி நீக்கும் எந்திரத்தை ஊரிலேயே நிறுவ முயல வேண்டும். அதுவே முதல் வேலை.

அடுத்து, வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. முதலில் ஒரு வேளை உணவை மட்டும் மாற்றுங்கள். காலையில் கேழ்வரகுக் கூழ் நல்ல தொடக்கம்.

2. சாமை, வரகு அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்துச் சமைத்தால் விரைவில் வேகும். விறகும் எரிவாயுவும் மிச்சமாகும்.

3. தானியத்தை உமியோடு சேமித்து, மாதத் தேவைக்கு மட்டும் உமி நீக்குங்கள். உமி நீக்கிய அரிசியில் விரைவில் வண்டு விழும். கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும்; அவ்வப்போது அரைப்பதே நல்லது.

4. மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகை ஒருபோதும் உண்ணக்கூடாது. மயக்கம், வாந்தி, நடுக்கம் உண்டாகும். கால்நடைகளுக்கும் போடக்கூடாது.

5. பாத்திரம் கழுவிய நீரைப் புறக்கடை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். அரிசி களைந்த நீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றுங்கள்.

ஒரு சிறு கணக்கோடு முடிக்கிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 100 கிராம் வீதம் நாளுக்கு ஒரு வேளை என்றால், ஆண்டுக்குச் சுமார் 180 கிலோ கேழ்வரகு வேண்டும். களத்திலிருந்து மூட்டைகள் வண்டியேறும் முன் இந்த அளவை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். மீதியை விற்பனைக்கு அனுப்புங்கள். விளைவித்தவர் வீட்டில் உண்ணாத பயிர் நாளடைவில் நிலத்தைவிட்டும் மறைந்துபோகும். வரும் அறுவடையிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டு அமர்கிறேன்.