வீட்டு ரேடியோவும் பகுத்தறிவும்

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியதின் சாரம்)



வீட்டில் செய்யும் ரேடியோப் பரிசோதனையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். ஜாதியையும் சடங்கையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் கம்பிக்கும் கருவிக்கும் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில், பகுத்தறிவு என்பது வாயால் பேசித் தீர்க்கிற சங்கதியல்ல. கையால் செய்து பழகவேண்டியதாகும்.

ஆகாயத்தில் உருவமின்றி வரும் குரலைப் புராணக்காரர்கள் அசரீரி என்றார்கள். அது முனிவனுக்கும் ராஜாவுக்கும்தான் கேட்குமாம். ரேடியோவுக்கு இந்தப் பேதமில்லை. உயரக் கட்டிய ஒரு கம்பி, பூமிக்கு இறக்கிய ஒரு கம்பி, ஒரு சுருள், ஒரு கன்டென்சர், கலீனா என்னும் ஒரு கல், காதில் வைக்கும் ஒரு போன்: இவ்வளவே பழைய கிரிஸ்டல் செட். பேட்டரிகூட வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள பெரிய நிலையம் அனுப்பும் சக்தியே காதுக்குப் போதும். செட்டை வைத்தவன் என்ன ஜாதி என்று அலை விசாரிப்பதில்லை.

இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1912-ல் அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்து, அமெச்சூர்களுக்கு 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளை ஒதுக்கிற்று. தூரம் போகாது, பிரயோஜனமில்லை என்று நிபுணர்கள் தள்ளிய மிச்சம் அது. நடந்தது என்ன? 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் காட்லி என்பவர், அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர் சைகைகளைக் கேட்டார். 1923 நவம்பரில், சுமார் 110 மீட்டர் அலையில், பிரான்சும் அமெரிக்காவும் அமெச்சூர்கள் மூலமாகவே செய்தி பரிமாறின. பின்னர் சர்க்கார்களும் கம்பெனிகளும் அதே சிற்றலைக்குப் போட்டியிட்டன. "உனக்கு இதுதான் தகுதி" என்று ஒதுக்கினவர்கள், தகுதியைச் சோதித்துப் பார்த்தா ஒதுக்கினார்கள்? நம் நாட்டில் ஒதுக்கினவர்களையும் இதையே கேட்கிறோம்.

நம் சென்னையிலும் சர்க்காருக்கு முந்தினவர்கள் அமெச்சூர்களே. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் முயற்சியில் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஏற்பட்டு, ஜூலை 31-ல் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமில்லாமல் 1927-ல் நின்றது. கருவி நகரசபைக்குப் போய், 1930-ல் மறுபடியும் பேசிற்று. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938-ல்தான் வந்தது.

சரி, வீட்டில் என்ன செய்வது? 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பாதிக்கும் இடையிலிருந்து செட்டுக்கு இணைப்புக் கொடுங்கள். வேறொரு கம்பியை வீட்டுக்குள்ளும் கட்டுங்கள். எது மேல்? காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அலை நேரத்துக்கு நேரம் மாறும். ஒரே நிலையத்தை வைத்துக்கொண்டு, உடனுக்குடன் மாற்றிக் கேட்கவேண்டும். மாற்றுகிறவர் வேறொருவராயிருந்து, எந்தக் கம்பி என்று சொல்லாதிருப்பது இன்னும் உத்தமம். தான் பாடுபட்டுக் கட்டிய கம்பியே நன்றாகக் கேட்பதாக மனது சொல்லும். பலித்ததை மட்டும் எண்ணிப் பலிக்காததை மறக்கிறவன்தானே ஜோசியத்தை நம்புகிறான்? ஆகையால் தோற்றதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இரைச்சல் அதிகமா? பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அகப்படுவான். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தால் அகப்படமாட்டான்.

ஒரு எச்சரிக்கை. மின்சாரக் கம்பியின் அருகே ஆன்டெனா கட்டாதீர்கள். இடி வருமுன்பே அதைச் செட்டிலிருந்து கழற்றிப் பூமிக் கம்பியோடு சேர்த்துவிடுங்கள், இடிக்கும்போது தொடாதீர்கள். "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றால் மின்னல் கேட்காது. கேட்பதற்கன்றி அனுப்புவதற்குச் சர்க்கார் பரீட்சையும் லைசென்சும் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் எதையும் நம்பவேண்டாம். கம்பியைக் கட்டிக் கேளுங்கள். கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் ஏன் என்று தேடுங்கள். கம்பியிடம் கேட்கப் பழகின கேள்வியைப் பிறகு சாஸ்திரத்திடமும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.