தார்ச் சாலையும் மழைத் தண்ணீரும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வீட்டு வாசல் வரை தார்ச் சாலை என்பது நம் முன்னோர்க்குக் கனவாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய பிறகு, சிற்றூர்கள் பலவற்றிற்கு அக்கனவு நனவாயிற்று. இன்று விடியுமுன் பால் வண்டி புறப்படுகிறது. காய்கறி வாடுமுன் சந்தை சேர்கிறது. பேறுகால வேதனையுற்ற தாயை 108 வண்டி வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறது. ஆனால் மூன்று மழைக்காலம் கழிந்ததும் அதே சாலையில் முழங்கால் அளவு குழிகளைக் காண்கிறோம். உடனே, "தார் சரியில்லை" என்று கூறிவிடுகிறோம். பல ஊர்களில் குற்றம் தாரினுடையதன்று. தண்ணீருக்கு வழி விடாத நம்முடையது.

தார் ஒரு குடை

நாம் தார் என்று வழங்கும் பொருள் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் கசடு. கிராமச் சாலைகள் பலவற்றில் மேலே இடப்படும் தார்க் கலவையின் தடிப்பு 20 மில்லிமீட்டரே. அதாவது, முக்கால் அங்குலம். இவ்வளவு மெல்லிய படலம் நெல் மூட்டை வண்டியைத் தாங்குமா? தாங்காது. பாரத்தைச் சுமப்பது அடியிலுள்ள ஜல்லியும் கிராவலும் மண்ணுமே. தார், மழை உள்ளே இறங்காமல் காக்கும் குடையாகும். ஓரத்தில் தேங்கிய நீர் பக்கவாட்டில் புகுந்து அடிமண்ணைச் சேறாக்கிவிட்டால், குடை இருந்தும் பயனில்லை. முதலில் வெடிப்பு, பிறகு பள்ளம், பிறகு குழி என்று சாலை சிதைகிறது.

கரிசல் பூமியில் இத்துன்பம் இன்னும் மிகுதி. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் அம்மண்ணின் மேல் நேரே ஜல்லி பரப்பலாகாது. இடையே கிராவல் அடுக்கு இன்றியமையாதது.

சாலை போடும்போது கவனிக்க வேண்டியவை

ஜல்லியை 75 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே உருளையால் அழுத்த வேண்டும். தார் மூடிய பின் அடியிலுள்ளதை எவரும் காண இயலாது. ஆதலின் உறுப்பினர்கள் பார்வையிட வேண்டிய நாள் தார் ஊற்றும் நாளன்று. ஜல்லி பரப்பும் நாளே.

சாலையின் நடு உயர்ந்து இருபுறமும் சரிந்திருத்தல் வேண்டும். மழை குறைந்த பகுதிகளில் ஒரு மீட்டர் அகலத்திற்கு 3 சென்டிமீட்டர் சரிவு போதும். அதையடுத்த மண் கரை அதைவிடச் சற்று மிகுதியாகச் சரிய வேண்டும். மண் கரை தாரைவிட உயர்ந்துவிட்டால் சாலை வாய்க்காலாகிவிடும்.

அடுத்தது சூடு. வழக்கமாகப் பயன்படும் வி.ஜி.-30 வகைத் தாராயின், கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் சூட்டில் புறப்பட வேண்டும். பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையலாகாது. 90 டிகிரிக்கு ஆறுமுன் உருட்டி முடிக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் லாரியைத் தார்ப்பாயால் மூடச் சொல்லுங்கள். வெப்பமானியை வைத்துக் காட்டும்படி பொறியாளரைக் கேளுங்கள். ஈரத் தரையின் மேலும், மழை தூறும்போதும் தார்க் கலவை பரப்பலாகாது.

பழைய சாலையின் மேல் மீண்டும் மீண்டும் போட்டால் தெரு உயர்ந்து, ஏழையின் வீட்டுத் தரை தாழ்ந்துவிடும். மழைநீர் அடுப்படிக்கு வரும். பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிது இடவேண்டும் எனத் தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியுள்ளது. இதை நாம் வற்புறுத்திக் கேட்கலாம்.

நம்மால் நேரும் பிழைகள்

நாங்கள் கண்ட ஓர் ஊரில் இரண்டு தெருக்களுக்கு ஒரே வாரத்தில், ஒரே கலவையால் சாலை போடப்பட்டது. ஒன்று நன்றாக இருந்தது. மற்றது இரண்டே ஆண்டில் பாழாயிற்று. காரணம் தேடினோம். பாழான தெருவில், வண்டியை வாசலில் ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு சாய்தளம் கட்டி வாய்க்காலை அடைத்திருந்தனர். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சாலையில் நின்றன. சாய்தளம் கட்டுவது தவறன்று. அதன் அடியில் நீர் செல்லப் போதிய குழாய் பதிக்காததே தவறு.

சேற்றுழவுக்கான கேஜ் வீலுடன் டிராக்டரைத் தாரின் மேல் ஓட்டுவதும், வரப்பை அகற்றிச் சாலைக் கரையை வெட்டுவதும் நம் பிழைகளே. சிந்தும் டீசல் தாரை இளக்கிவிடும். குடிநீர்க் குழாய்க்காகச் சாலையை வெட்டினால், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகலாகாது. அடுக்கடுக்காக இட்டு இடித்து இறுக்கி, தார் போட்டு மூடிய பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

பாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை வண்டிகளை ஓட்டிச் சாலைகளைச் சோதித்தனர். அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அச்சோதனையால் அறியப்பட்ட உண்மை. ஒரு நடை மிச்சம் என்று கரும்பை அளவுக்கு மீறி ஏற்றுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறை

ஐப்பசி அடைமழைக்கு முன் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். குடிமராமத்து என்னும் அவ்வழக்கத்தைச் சாலைக்கும் விரித்தல் வேண்டும். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை புரட்டாசியில் கூடுகிறது. அதற்கு முன் ஒரு நாள் சாலை முழுவதும் நடந்து, அடைபட்ட வாய்க்காலையும் சிறுபாலத்தையும் வெடிப்புகளையும் குறித்துச் சபையில் வையுங்கள். வாய்க்கால் திறக்க மண்வெட்டி போதும், மதிப்பீடு வேண்டுவதில்லை.

மழை ஓய்ந்த பின் ஜனவரி 26-ஆம் நாள் சபையில் குழிகளின் கணக்கைப் பாருங்கள். குழியில் செம்மண் கொட்டுவது மருந்தன்று. ஓரங்களைச் செங்குத்தாகச் சதுரமாக வெட்டி, தூசும் ஈரமும் நீக்கி, தார் பூசிக் கலவையிட்டு இடிக்க வேண்டும். பிரதம மந்திரி திட்டச் சாலையாயின் முதல் 5 ஆண்டுகள் பராமரிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. சாலை முடிந்த நாளை அறிவிப்புப் பலகையில் பார்த்து, கெடு முடியுமுன் எழுத்து மூலம் கேளுங்கள். கெடு கடந்த பின் செலவு மக்கள் வரிப்பணத்தின் மேல்தான் விழும்.

பெருமக்களே! சாலையைப் போடுவது அரசின் பணமாக இருக்கலாம். அதை வாழவைப்பது ஊரின் கண்ணாகும். இவ்வாண்டு புரட்டாசியில் மண்வெட்டியோடு நம் தெரு வாய்க்காலுக்கு முதலில் செல்வோமாக. தண்ணீருக்கு அதன் வழியை விட்டால், நம் வழி நமக்கு நிலைக்கும்.