வேலையை விட்டோம், கூலியை விடவில்லை!
(இரும்பையில் ஆற்றிய உரை)

  

ஞானசம்பந்தர் பாடிய மாகாளம் அமைந்த இவ்விரும்பையில், உழைப்பவர் கூலியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

'சம்பளம்' என்பதை நாள்தோறும் வழங்குகின்றோம். சம்பா, நெல், அளம், உப்பு. இவ்விரண்டையும் கூலியாக அளந்தமையால் சம்பளம் என்னும் பெயர் வந்ததென்று சொல்லாராய்ந்தோர் கூறுவர். இலத்தீன மொழியிலும் உப்பைக் குறித்த சொல்லினின்றே ஊதியத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. அவ்வுப்பையே விளைவிக்கும் மரக்காணக் கரையில், வேலையை விட்டு விலகுபவர் தம் கூலியைக் கேட்குங்கால் 'நாளை வா' என்பதே விடையாயின், அச்சொல்லுக்கு என்ன பொருள்?

மழை இறங்கினால் உப்புப் பாத்திகள் மூழ்கும், வேலையும் நிற்கும். இதனை உணர்ந்தே தமிழ்நாட்டரசு 2022-இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்கட்கு மழைக்கால உதவியாக 5,000 உருபா வழங்கத் தொடங்கியது. அஃது உதவி. உழைத்து முடித்த நாள்களின் கூலியோ உதவியன்று. முதலாளி நமக்குப் பட்ட கடன்!

அக்கடனை எத்துணை நாளில் தீர்க்கவேண்டும்? முதலாளி ஒருவரை வேலையினின்று நீக்கினால், இரண்டாம் வேலைநாள் முடியுமுன் கூலி தரவேண்டும் என்றது 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கற் சட்டம். தாமே விலகியவர்க்கு அவ்விரைவைக் கூறவில்லை. எல்லாத் தொழிலையும் அது தழுவவுமில்லை. 2019-இல் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டம் இவ்விரு குறைகளையும் நீக்கியுள்ளது. முதலாளி நீக்கினாலும், தாமே விலகினாலும், தொழிலிடத்தை மூடியதால் வேலை போனாலும், இரண்டு வேலைநாளுக்குள் கூலி கைக்கு வரவேண்டும். ஒப்பந்தக்காரர் கொடாவிடின் தொழிலின் உடைமையாளர் கொடுக்கவேண்டும். 'கொடுத்துவிட்டோம்' என்பாராயின், அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. முறையிடுவதற்கு மூன்றாண்டுக் காலம் உண்டு. நம்பொருட்டுத் தொழிற்சங்கமும் முறையிடலாம்.

'முன்பணம் வாங்கினாயே, எப்படிப் போவாய்?' என்று மடக்குவாரும் உளர். முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாயமாக வேலையில் பிணித்துவைத்தல், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இனி, மொழிக்கு வருவோம். கணக்கு முடிக்கும் நாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பர். 'எனக்கு வரவேண்டியது யாதுமில்லை' என்று அதில் எழுதியிருக்கும். படிக்கவியலாத அந்த ஒருவரியில் பலநாள் வியர்வை கரைந்துபோகும்! ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டமே, அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு, தொழிற்சாலையிலுள்ள பெரும்பான்மைத் தொழிலாளர்தம் மொழியிலும் எழுதிவைக்கவேண்டும் என்றது. அயலவன் ஒப்புக்கொண்ட முறையை நம் மண்ணில் நாம் கேட்க நாணுவதா?

ஆதலின், வேலைக்குச் சென்ற நாளையும் பெற்ற கூலியையும் அன்றன்றே தமிழில் குறித்துவையுங்கள். எழுதவியலாத பெற்றோர்க்கு, பள்ளியில் பயிலும் மக்கள் எழுதித் தரட்டும். கற்ற தமிழுக்கு அதனினும் நற்பயன் உண்டோ? பொருள் விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். தனித்துக் கேட்க அஞ்சுவோர் சங்கத்தோடு சென்று கேளுங்கள். கெஞ்சவேண்டா, கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

வேலையை விடுவது நம் விருப்பம். கூலியைத் தருவது அவர் கடமை.