நம்ம தண்ணிக்கு எந்த மெஷின்?



எனக்குக் கொடுத்த தலைப்பு "வீட்டு உபயோகப் பொருள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை". எல்லாப் பொருளையும் பேசினால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் வாஷிங் மெஷின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன ஒரு வருஷத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர் உள்கடன் கேட்டது அதற்குத்தான்.

முதலில் கேட்ட அக்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். மனு வந்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "ஆடு வாங்க, மாடு வாங்க, பிள்ளை படிப்புக்குன்னா கொடுக்கலாம். துணி துவைக்கிற மெஷினுக்குக் குழுப் பணமா? ஆடம்பரம் இல்லையா?" என்று கேட்டார்கள். அந்த அக்கா கோபப்படவில்லை. "2011-ல ஆரம்பிச்சு அரசாங்கம் மிக்சி, கிரைண்டர் கொடுத்துச்சு. யாராச்சும் ஆடம்பரம்னு திருப்பிக் கொடுத்தீங்களா? அம்மி கையை விட்டுப் போயிடுச்சு. துணிக்கல்லு மட்டும் ஏன் என் முதுகுல இருக்கணும்?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டில் ஐந்து பேர் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் துணியிலேயே போகிறது. குனிந்து, கும்மி, அலசி, பிழிந்து, தூக்கி. போர்வை நனைந்தால் எவ்வளவு கனம் என்று நமக்குத்தான் தெரியும். இதை வேலைன்னு கணக்கில் எழுதுகிற நோட்டு எந்த வீட்டிலும் கிடையாது.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாசம் ஆயிரம் அசல் கட்டினால் பத்து மாசத்தில் முடியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். முதல் மாசம் 100, அடுத்து 90, அப்புறம் 80. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 550 ரூபாய். அந்த 550-ம் நம் குழுவுக்கே திரும்ப வருகிறது. கடையில் "வட்டியே இல்லாத தவணை" என்பார்கள். அப்படிச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை? பரிசீலனைக் கட்டணம் என்று எவ்வளவு பிடிப்பீர்கள்? இரண்டுக்கும் பதில் வாங்கிய பிறகு, வட்டி இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். கடைக்குப் போகிறதுக்கு முன்னால் வீட்டில் பார்க்க வேண்டியது தண்ணி. கடைக்காரர் நிறத்தைக் காட்டுவார், கண்ணாடி மூடியைக் காட்டுவார், பாட்டுப் பாடி முடிக்கிற மெஷினைக்கூடக் காட்டுவார். "உங்க வீட்டுத் தண்ணி எப்படிம்மா?" என்று கேட்கிறவர் ரொம்பக் குறைவு.

நம்ம தருமபுரிப் பக்கத்தில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் இருந்து வருகிறது. அது குடிக்க. அதைத் துணிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது, ஊற்றவும் கூடாது. துணிக்குப் போர் தண்ணிதான். பல ஊரில் அது உப்புத் தண்ணி. காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு மெஷினுக்குள்ளேயும் படியும். டிரம்மில், குழாயில், சூடாக்கும் ஹீட்டர் இருந்தால் அதன் மேலே நிறைய. அப்புறம் துணி விறைப்பாக, மங்கலாக வரும். நாம் சோப்பைக் குறை சொல்லிக்கொண்டு இருப்போம்.

அடுத்தது குழாயில் தண்ணி எந்த வேகத்தில் வருகிறது என்பது. தானாகவே தண்ணி பிடிக்கிற மெஷினுக்குக் குழாயில் அழுத்தம் வேணும். டேங்க் குழாயைவிடப் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கிற அழுத்தம் சுமார் 0.3 பார். மெஷின் புத்தகத்தில் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேணும் என்று போட்டிருக்கும், கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டு வீட்டுப் பக்கத்தில் ஆள் உயரத் திண்டு கட்டி டேங்க் வைத்திருக்கும் வீடுகளில், இந்த மெஷின் தண்ணிக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிடும். திரையில் ஏதோ எழுத்து மின்னும். மெஷின் கெட்டுப்போச்சு என்று நினைப்போம். கெட்டது ஒன்றும் இல்லை, தண்ணி வரத்து பத்தவில்லை.

அதனால்தான் அந்த அக்காவுக்கு இரண்டு தொட்டி இருக்கிற செமி ஆட்டோமேட்டிக் எடுத்தோம். நான் பத்தாவது படித்தவள், புத்தகத்தைப் பார்த்துச் சொல்வேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைப் பையன் விடவே இல்லை. "இதெல்லாம் பழைய மாடல்க்கா, முன்னாடி கதவு வெச்சது எடுங்க, எட்டு கிலோ" என்றான். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, குடத்துல தண்ணி ஊத்தினா அது ஓடுமா?" பையன் சிரித்துவிட்டான்.

செமியில் குடத்தில் ஊற்றலாம், ஓஸ் போட்டும் பிடிக்கலாம். இன்னொரு லாபம், ஒரே சோப்புத் தண்ணியில் முதலில் பள்ளிக்கூட யூனிபார்ம், அடுத்து வீட்டுத் துணி, கடைசியில் கால்மிதியும் அழுக்குத் துணியும் என்று மூன்று தடவை போட்டுவிடலாம். கோடையில் போர் இறங்கும்போது இது பெரிய விஷயம். கஷ்டம் என்னவென்றால், துவைக்கிற தொட்டியில் இருந்து பிழிகிற தொட்டிக்குத் துணியை நாம்தான் மாற்றணும். பக்கத்தில் ஆள் இருக்கணும்.

மேலே மூடி திறக்கிற முழு ஆட்டோமேட்டிக், போட்டுவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் தண்ணி அதிகம் குடிக்கும். முன்பக்கக் கதவு மெஷின் தண்ணி குறைவாக எடுக்கும், துணியும் அதிகம் தேயாது. ஆனால் விலை கூட, ஒரு தடவை ஓடவே நேரம் கூட, பவுடரும் அதற்கென்று நுரை குறைவாக வருவதைத்தான் போடணும். நடுவில் கரண்ட் போனால் கதவு சட்டென்று திறக்காது. கைவசம் வேறு யூனிபார்ம் இல்லாத வீட்டில் இது ஒரு தலைவலி. மாடி டேங்க், நல்ல தண்ணி, ஒழுங்கான கரண்ட் மூன்றும் இருக்கிற வீடு தாராளமாக எடுக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டில் வாங்கினார்கள். ஓடின முதல் நாளே மெஷின் குதித்துக்கொண்டு ஓரடி நகர்ந்துவிட்டது. பார்த்தால், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள் இல்லையா, மாட்ட வந்தவர் அதைக் கழற்றவே இல்லை. நீங்கள் வாங்கினால் அவர் கிளம்புவதற்கு முன்னால் "போல்ட்டை எடுத்தாச்சா, கையில கொடுங்க" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோ கணக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏழு கிலோ என்றால் காய்ந்த துணியின் எடை, நனைந்த துணி இல்லை. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழு கிலோ போதும். ஏழு என்று போட்டிருக்கிறதே என்று வாய் வரைக்கும் அமுக்கித் திணித்தால் துணி புரளாது. புரளாத துணி எப்படி வெளுக்கும்?

இனி பொத்தான்கள். முழு மெஷினில் பத்து, பன்னிரண்டு இருக்கும். பார்த்ததும் பயந்து, யாரோ ஒரு நாள் அமுக்கிக் காட்டியதையே வருஷம் முழுக்க அமுக்குகிற வீடுகள் உண்டு. நமக்குத் தேவை நாலைந்துதான். தினப்படித் துணிக்கு நார்மல். சேறு பட்ட துணி, ஜீன்ஸ், போர்வைக்கு ஹெவி. பாலியஸ்டர் புடவை, மெல்லிய சுடிதாருக்கு டெலிகேட், அதில் சுற்றும் வேகம் குறைவு. பட்டுப் புடவையைத் தயவுசெய்து எதிலும் போடாதீர்கள். குயிக் என்று ஒன்று இருக்கிறதே, அது வேர்வை மட்டும் பட்ட நாலு துணிக்கு. சீக்கிரம் முடிகிறது என்று வயக்காட்டுத் துணியை அதில் போட்டால் அழுக்கும் போகாது, சோப்பும் போகாது. கைக்குழந்தை துணிக்கும், தோல் அரிப்பு உள்ளவர்கள் துணிக்கும் அலசலை ஒரு தடவை கூட்டி வையுங்கள். தண்ணி அளவு வைக்கிற பொத்தான் இருந்தால் துணிக்குத் தக்கபடி வையுங்கள். மூன்று ஜாக்கெட்டுக்கு முழுத் தொட்டித் தண்ணி எதற்கு?

சுடுதண்ணிப் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்லணும். 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாசம் 15 தடவை அப்படித் துவைத்தால் 15 யூனிட், இரண்டு மாசத்துக்கு 30. நமக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சூட்டுக்கே போய்விடும். பச்சைத் தண்ணியில் ஓடினால் மோட்டார் செலவு மட்டும்தான், அது கொஞ்சம். தினமும் சுடுதண்ணி வேண்டாம். வீட்டில் சொறி சிரங்கு வந்திருந்தால், நோயாளி படுத்த விரிப்பு என்றால், அப்போது 60 டிகிரி வையுங்கள், காசு போனால் போகட்டும். மாதவிடாய்த் துணியை மட்டும் சுடுதண்ணியில் போடவே கூடாது. சூடு பட்டால் ரத்தக் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணியில் அலசி, அப்புறம் சோப்பு, அப்புறம் நல்ல வெயிலில் விரித்துக் காய வைக்கணும். கட்டிலுக்கு அடியில் மறைத்துக் காய வைக்கிற பழக்கம் இன்னும் நிறைய வீட்டில் இருக்கிறது. கூச்சப்படாமல் வெயிலில் போடுங்கள்.

பூச்சி மருந்து அடித்தவர் போட்டிருந்த சட்டை, லுங்கியை வேறு எந்தத் துணியோடும் சேர்க்காதீர்கள். தனியாகத் துவையுங்கள், குழந்தை துணி அந்தத் தண்ணியைத் தொடக் கூடாது. அது முடிந்ததும் மெஷினை ஒரு தடவை வெறும் தண்ணியில் ஓட விடுங்கள்.

சோப்புப் பவுடரை அப்படியே கொட்டாமல் ஒரு மக்கில் கரைத்து ஊற்றினால் உப்புத் தண்ணியில் திட்டுத் திட்டாக ஒட்டாது. தண்ணி வரும் குழாய் முனையில் சின்னச் சல்லடை இருக்கும், மண் அடைக்கும். மாசம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். உப்புப் படிவை எடுக்க அதற்கென்று பவுடர் விற்கிறார்கள், உப்புத் தண்ணி வீட்டில் அந்தச் செலவுக்குக் கஞ்சம் பார்க்க வேண்டாம். புடவை நீளத் துணி, மற்றதை எல்லாம் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிவிடும். மடித்து வலைப்பையில் போடலாம், இல்லையென்றால் ஒரு தடவைக்கு இரண்டு புடவை போதும். ஊக்கு, சில்லறை, தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பாருங்கள். செமியில் பிழிகிற தொட்டி முழுசாக நின்ற பிறகுதான் கை விடணும். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

மூன்று கம்பி பிளக், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஈரக் காலோடு தொடுகிற பொருள் இது. அடியில் எலி வலை இல்லாமல் வாங்காதீர்கள், நம்ம ஊர் எலிக்கு ஒயர்தான் பிடித்த தீனி. "பத்து வருஷம் வாரண்டி" என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். மற்ற பாகத்துக்கு எத்தனை வருஷம், ரிப்பேர் பார்க்கிறவர் எந்த ஊரில் இருந்து வரணும் என்று கேளுங்கள்.

அந்த அக்கா வீட்டுக்கு மெஷின் வந்து எட்டு மாசம் ஆகிறது. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. மிச்சமாகிற நேரத்தில் பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுகளை வாங்கிக் கொக்கி தைத்துக் கொடுக்கிறார். இன்னொரு வேடிக்கை, கல்லில் துவைத்த காலத்தில் அந்தப் பக்கமே வராத அவர் வீட்டுக்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தானே சாவியைத் திருப்பிப் போடுகிறார். மெஷின் என்றதும் அது ஆம்பளை வேலை ஆகிவிட்டது போல! இருக்கட்டும், நமக்கு வேண்டியது வேலை நடப்பது.

கடைசியாக ஒன்று. கடையில் கொடுக்கிற பில் பெரும்பாலும் வழவழப்பான தாளில் இருக்கும். சில மாசத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், ஒரு நகல் எடுத்துக் கடன் மனுவோடு ஊக்குநரிடம் கொடுத்து வையுங்கள்.