பிறருக்காக ஏற்க இயலாத விரதம்

 

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உடல் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் பழங்கல்வெட்டு உள்ளது. அந்த மரபில் வந்த குடும்பங்கள், இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று கலங்குகின்றன. நினைவிழந்து, சுவாசக் கருவியால் மூச்சு ஓடும் தந்தைக்கு அக்கருவியை அகற்றலாமா? “அதுவும் சல்லேகனைதானே” என ஆறுதல் கூறுவாரும் உளர். “அது கொலை” என அஞ்சுவாரும் உளர். இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

தவிர்க்க இயலாத இடர், பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியவை நேர்ந்தபோது, அறத்தைக் காக்கும்பொருட்டு உடலைத் துறத்தலே சல்லேகனை என்பது சமந்தபத்திரர் வகுத்த இலக்கணம். அதனை ஏற்பவர் தெளிந்த அறிவோடு, பகையும் பற்றும் நீக்கி, பிழைகளை ஒப்புக்கொண்டு, எல்லோரிடமும் மன்னிப்பு வேண்டி, உணவைப் படிப்படியாகக் குறைக்கிறார். நினைவற்ற ஒருவருக்காக மகனோ மருத்துவரோ இவ்விரதத்தை ஏற்க இயலாது. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இவ்விரதத்தைத் தற்கொலையாகக் கருதியபோது, சமண சமூகம் நாடெங்கும் மறுத்து எழுந்தது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. தானே விழிப்போடு ஏற்பது என்பதே அன்று சொல்லப்பட்ட வாதம். அவ்வாறாயின், பிறர் எடுக்கும் முடிவுக்கு அவ்விரதத்தின் பெயரைச் சூட்டுதல் பொருந்தாது.

இனி, அது கொலையா? கஷாயத்தின் வசப்பட்ட மனத்தால் உயிருக்குச் செய்யும் ஊறே இம்சை என்பது ஆகமத் தெளிவு. ஆகவே, செயலோடு மனமும் நோக்கப்படும். சல்லேகனையின் அதிசாரங்களுள், வாழ விரும்புதலும் சாக விரும்புதலும் ஒருங்கே குற்றமாக வைக்கப்பட்டுள்ளன. நோயாளியின் அருகில் நிற்போருக்கும் இதுவே உரைகல். பிரிய மனமின்றி, பயனற்ற கருவிகளால் அவர் உடலை வருத்துவது பற்று. செலவுக்கும் சலிப்புக்கும் அஞ்சி, அவர் போனால் போதும் என்று எண்ணுவது வெறுப்பு. இரண்டும் விலக்கத்தக்கன.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்டார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தலாம் என வேண்டிய மனுவை, 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைப் பேணிவந்த செவிலியர் அதனை விரும்பவில்லை. இரத்த உறவு இல்லாத அப்பெண்கள், தலைமுறை மாறியும், 2015 மே 18 அன்று அவர் இயற்கையாக மறையும் வரை ஊட்டியும் துடைத்தும் காத்தனர். ஏறத்தாழ 42 ஆண்டுகள்! வையாவிருத்தியம் என்னும் அகத்தவத்துக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இதனால் விளங்குவது ஒன்று. உடல் முடங்கியவர், பேச இயலாதவர், பிறர் கையால் உண்பவர் ஆகியோர் சாகின்றவர் அல்லர். “இவர் வாழ்ந்து என்ன பயன்?” என்னும் கேள்வியே இம்சையின் வித்து. “இச்சிகிச்சையால் இவருக்குப் பயன் உண்டா?” என்பதே கேட்கத்தக்கது. மீளும் வழியில்லை என மருத்துவர் ஒருமித்து உரைத்து, கருவி இறப்பை மட்டுமே நீட்டுமாயின், அதனை அகற்றுதல் கொலை ஆகாது. நோயே உயிரைக் கொண்டுசெல்கிறது. அப்போதும் வலி நீக்கும் மருந்தும், தூய்மையும், செவியில் பஞ்ச நமஸ்காரமும் நிற்றல் கூடாது.

சட்டமும் வழி வகுத்துள்ளது. 2018 மார்ச் 9 அன்று ஐவர் அமர்வு, தெளிந்த மனமுடைய வயதுவந்தோர் தம் விருப்பத்தை முன்னரே எழுதிவைக்க இசைந்தது. 2023இல் நடைமுறை எளிதாயிற்று. இரு சாட்சிகளின் முன் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். கருவியை அகற்றுமுன் இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்தல் வேண்டும்.

பெரியோர்களே! பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று நடுங்காதிருக்க, நினைவு தெளிவாக உள்ள இன்றே இல்லத்தில் இது பேசப்படட்டும், எழுதப்படட்டும். இளைஞர்களே! பெரியவர் எழுதாமலே நினைவிழந்தால், அவர் விருப்பம் எதுவாக இருந்திருக்கும் என்று தேடுங்கள். உங்கள் களைப்பை அவர் விருப்பமாக்காதீர்கள்.

வாழ்க அறம்! ஓங்குக அகிம்சை!